குருதி வழியின் காவல்

விரலில் கத்தி பட்டால் வழியும் குருதி சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. அதில் நாம் வியப்பதில்லை. வியப்புக்குரியது வேறொன்று: உறைவதற்கு எந்நேரமும் ஆயத்தமாயிருக்கும் அக்குருதி, உடலுக்குள் ஓடிக்கொண்டிருக்கையில் ஏன் உறைவதில்லை?

ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை தட்டணுக்கள் உள்ளன. குழாயின் சுவர் கிழிந்து, அடியிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்பொருள் வெளிப்பட்டால் அவை அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை ஏ.டி.பி., திராம்பாக்சேன் போன்ற பொருள்களை உமிழ்ந்து மற்றவற்றையும் அழைக்கின்றன. கூட்டம் திரண்டு அடைப்பாகிறது. விரற்காயத்தில் அது அருட்கொடை. இதயத் தமனியிலோ அதுவே உயிருக்கு ஆபத்து.

இரண்டுக்கும் இடையே நிற்பது, குழாய்களின் உட்புறத்தில் ஒரே ஓர் உயிரணுவின் கனத்தில் படர்ந்திருக்கும் எண்டோதீலியம் என்னும் விரிப்பு. நெடுங்காலம் அதனை வழுவழுப்பான வெறும் உறை என்றே எண்ணியிருந்தனர். 1976ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் வேன், சல்வடோர் மொன்கடா ஆகியோரின் குழுவினர், குழாய்ச் சுவரில் உண்டாகும் புரோஸ்டாசைக்ளின் என்னும் பொருள் தட்டணுக்கள் திரள்வதைத் தடுக்கிறது என்று கண்டனர். 1980இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஃபர்ச்காட், அவ்விரிப்பு குழாயைத் தளர்த்தும் ஒரு பொருளை வெளியிடுவதாகக் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதுவும் தட்டணுக்களை அடக்கி வைக்கிறது. இவை போதாவென்று, ஏ.டி.பி.யைச் சிதைக்கும் நொதி ஒன்றையும் அவ்விரிப்பு தன்மேல் தாங்கி நிற்கிறது. கூட்டம் சேர்க்கும் அழைப்பே அதனால் அடங்கிவிடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகளே நிலைக்கும். ஆகவே அதன் காவல் நொடிதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய காவல்.

இவ்வுண்மை எங்கள் குடும்பத்துக்கு ஏட்டுப் பாடமாக இருக்கவில்லை. 2024 சனவரியில் என் தமக்கையின் கணவருக்கு இதயத் தமனியில் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய் பொருத்தினர். மார்ச்சில் ரமலான் பிறக்கும் வேளையில் அவர், "வலியுமில்லை, மூச்சிரைப்புமில்லை. நோன்பு மாதத்தில் மாத்திரைகளை நிறுத்திக்கொள்கிறேன் தம்பி" என்றார். தமக்கையின் முகம் வாடிப்போயிற்று.

"மச்சான், வலி போனது வழி திறந்ததால்தான். ஆனால் அந்த உலோகத்தின்மேல் காவல் விரிப்பு இன்னும் முழுமையாகப் படரவில்லை. அது படரும் வரை காவல் நிற்பவை இந்த மாத்திரைகளே" என்றேன். ஆஸ்பிரின் செய்வதையும் விளக்கினேன். திராம்பாக்சேன் உண்டாவதற்கு வேண்டிய நொதியை அது நிலையாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு இல்லை. புதிய நொதியை ஆக்கிக்கொள்ள வழியின்றி, தன் ஏழு முதல் பத்து நாள் வாழ்வை அப்படியே கழிக்கும். விரிப்பின் உயிரணுவோ உட்கரு உடையது. நொதியை மீண்டும் ஆக்கிக்கொண்டு புரோஸ்டாசைக்ளினைச் சுரக்கும். அதனால்தான் சிறிய அளவே போதுமாகிறது. நாள்தோறும் புதிய தட்டணுக்கள் பிறப்பதால் நாள்தோறும் மாத்திரையும் வேண்டியிருக்கிறது.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். மறுநாள் மருத்துவரிடம் சென்றோம். அவர் சோதித்துப் பார்த்து நோன்புக்கு இசைவு தந்தார். ஒரு மாத்திரையை இஃப்தாருக்குப் பின்னும் மற்றொன்றை ஸஹரிலும் உட்கொள்ளுமாறு நேரம் வகுத்தார். நோன்பும் நிறைவேறியது, காவலும் குறையவில்லை.

நம் இல்லங்களில் நலம் தெரிந்தவுடன் மருந்தை நிறுத்துவோர் பலர். தராவீஹ் தொழுதுவிட்டு வெளியே வந்ததும் சிகரெட் பற்றவைப்போரும் உளர். அப்புகை இவ்விரிப்பின் உயிரணுக்களையும் புண்படுத்துகிறது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். அந்த அமானிதத்துள் கண்ணுக்குப் புலப்படாத இம்மெல்லிய விரிப்பும் அடங்கும். குருதி அமைதியாக ஓடுவது தானாக நிகழ்வதன்று. அது இடையறாத உழைப்பின் பயன். அவ்வுழைப்புக்கு இடையூறு செய்யாதிருப்பதே நம்மால் இயன்ற நன்றி.