பத்து விநாடிப் புகை

சிட்னி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

நான் குடியிருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சாலையில் ஓடும் ஒரு வாகனம் கண்ணுக்குப் புலப்படும் புகையை இடைவிடாமல் பத்து விநாடிக்கு மேல் கக்குமானால் அது சட்டப்படி குற்றம். அதைக் காணும் எவரும் வண்டியின் பதிவெண், நிறம், கண்ட இடம், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்கலாம். அம்முறையீட்டின் பேரில் உரிமையாளருக்கு, வண்டியைப் பழுதுபார்க்கும்படி ஒரு கடிதம் போகிறது. எடுத்த எடுப்பில் தண்டிக்காமல் முதலில் அறிவிக்கின்ற இந்த ஏற்பாட்டில் உள்ள நாகரிகம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

சென்ற வாரம் பரமட்டா சாலையில், சிக்னல் பச்சையானதும் ஒரு பழைய டீசல் லாரி உறுமிக்கொண்டு கிளம்பிற்று. பேருந்துக்காக நின்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்; என் மனைவி வாய்க்குள் எண்ணத் தொடங்கிப் பன்னிரண்டு சொன்ன பிறகும் அந்தக் கரும்புகை அறவில்லை. ஓட்டுநரோ சாலையின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், எவ்விதக் குற்ற உணர்வுமின்றிப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் எப்படி அறிவார்? புகை அவருக்குப் பின்னால் அல்லவா போகிறது! சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் வாழும் நம்மவர் சிலர், இப்படி எழுதிப்போடுவது காட்டிக்கொடுப்பதாகாதா, உழைத்துப் பிழைப்பவன் வயிற்றில் அடிப்பதாகாதா என்று சங்கடப்படுகிறார்கள். பிறருக்குத் தீங்கு நினையாத நல்ல மனத்திலிருந்து வரும் கேள்விதான் அது. எனினும், தன் கண்ணால் காண முடியாத குறையை ஒருவனுக்குப் பின்னால் வருகிறவன்தான் சொல்லியாக வேண்டும் என்பதும், சொல்லாமல் விடுவதால் துன்புறுவது அந்தச் சிறுமியின் நுரையீரல் என்பதும் என் திடமான அபிப்பிராயம். சரக்கு வேன் ஓட்டும் நண்பர் ஒருவருக்கு அத்தகைய கடிதம் வந்தபோது முதலில் கோபித்துக்கொண்டார். மெக்கானிக்கிடம் காட்டியபோது ஏர் ஃபில்டர் தூசியடைத்துக் கிடந்ததும், டீசல் முழுதும் எரியாமல் வீணாகிக்கொண்டிருந்ததும் தெரியவந்தன.

கரும்புகை என்றால் பெரும்பாலும் இத்தகைய அடைப்போ இன்ஜெக்டர் கோளாறோதான். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. அதிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் நுண்ணிய துகள்கள், தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆனவை, மூக்கின் காவலைக் கடந்து நுரையீரலின் அடிவரை செல்கின்றன. நம்மவர் மிகுதியாக வாழும் மேற்குச் சிட்னியோ மலைகளை அண்டிய தாழ்ந்த பிரதேசமாதலால், காற்றடங்கிய நாட்களில் மாசு எளிதில் கலைந்துபோவதில்லை.

ஆனால், குளிர்காலக் காலையில் புறப்படும் வண்டியின் பின்னால் எழுந்து சற்றுத் தொலைவில் கரைந்துவிடும் வெண்மை வெறும் நீராவி. அதற்காக ஒருவர்மீது முறையிடுவது அநியாயம் என்று, எண்ணைக் குறித்துக்கொள்ளத் துடிக்கும் என் அண்டைவீட்டு இளைஞர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கள் அன்பன்