கண்டதைக் கண்டபடி



மும்பையில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஊழியத்தைக் கர்த்தர் எனக்குக் கிருபையாய்த் தந்திருக்கிறார். அவர்களில் அநேகர் ஓர் அறை வீடுகளில் வளர்கிறவர்கள். பெற்றோர் வயலையும் வரப்பையும் அறிந்தவர்கள்; பிள்ளைகளோ ஒரு மரத்தின் பெயரையும் அறியார். இவர்களுக்குச் சிருஷ்டிப்பின் பாடத்தை எப்படி நடத்துவது?

தெருவோர நாட்டு வாதுமை மரமே அதற்கு உதவிற்று. அதன் இலைகள் உதிருமுன் சிவந்துவிடும். ஆளுக்கோர் இலை கொடுத்து வரையச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாரும் பச்சை வண்ணமே தீட்டினார்கள். ஆறு வயதுச் சிறுவனிடம் காரணம் கேட்டேன். "இலை பச்சைதானே, டீச்சர்!" என்றான். அவன் கையிலிருந்ததோ செக்கச்சிவந்த இலை.

"மறுபடியும் பார், தம்பி" என்றேன். பார்த்தான். சிவப்பின் நடுவே மஞ்சளையும், நரம்போரத்தில் சிறிது பச்சையையும் கண்டுபிடித்தான். பச்சையம் குறைந்து செந்நிறப் பொருள் மிகுவதே இம்மாற்றத்தின் காரணம் என்று அப்போது விளக்கினேன். பின்பு இலையைக் குப்புற வைத்து, மேலே மெல்லிய தாளிட்டு மெழுகு வண்ணக்கோலால் தேய்த்தோம். தண்ணீர் செல்லும் நரம்புகள் யாவும் தாளில் எழும்பின.

அடுத்த வாரம், மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசி உலர்த்தினோம். சோப்பு நீரில் தோய்த்த குச்சியால் எழுதவே, எழுத்து சிவந்தது. எலுமிச்சைச் சாறு பட்டதும் மீண்டும் மஞ்சளாயிற்று. சோப்பு காரம், எலுமிச்சை அமிலம் என்பதைப் பிள்ளைகள் மறக்கவேயில்லை.

"படிக்கிற நேரத்தில் இந்தக் குப்பை எதற்கு?" என்று ஒரு தாயார் கேட்டார். பல வீடுகளில் வேலை செய்து மகனைப் படிக்கவைக்கும் சகோதரி அவர். அவருடைய கவலை நியாயமானதே. ஆனால் மகனுடைய தாளைப் பார்த்தபின், தம் ஊரில் பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய கதையை அவரே சொல்லத் தொடங்கினார். அந்தக் கதையை அவருடைய மகன் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டான்.

பிரியமானவர்களே, சாலொமோனுடைய ஞானத்தில் மரஞ்செடிகளைப் பற்றிய அறிவும் அடங்கியிருந்ததை 1 இராஜாக்கள் 4:33 காட்டுகிறது. கண்டதைக் கண்டபடி அறிவிப்பதே சாட்சி. பிறர் சொன்ன பச்சையை விட்டு, தான் கண்ட சிவப்பைத் தீட்டுகிற பிள்ளை உண்மைக்குத் தன் கையைப் பழக்குகிறது. நாவும் அதைப் பழகும்.

இதற்குப் பணம் வேண்டாம். இந்த வாரம் ஓர் இலையைப் பொறுக்கி வந்து, பிள்ளையோடு பத்து நிமிடம் உட்காருங்கள். உங்கள் ஊர் மரத்தின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். சிருஷ்டிகர் ஒருவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.