சிறுநீரை அடக்க முடியாமை ஊனமா?

பாண்டிச்சேரிப் பள்ளி நாட்கள், தாலுகா அலுவலக அனுபவங்கள், கொளவாய் ஏரி என்று எத்தனையோ எழுதிவிட்டேன். இன்று எழுதப்போகும் விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். "எழுதுங்க. படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இது இருக்கும், யாரும் வாயத் திறக்கமாட்டாங்க" என்று என் மனைவி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

எனக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். நோய் போயிற்று, இது வந்தது. இருமினால் கொஞ்சம் போகும். நாற்காலியை விட்டு எழுந்தால் கொஞ்சம் போகும். சில சமயம் போகவேண்டும் என்று தோன்றுவதற்கும் போய்விடுவதற்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இருக்காது. டாக்டர் சீட்டில் 'இன்கான்டினென்ஸ்' என்று எழுதினார். எனக்கு அது பழைய சொல். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, பழைய கதைகளில் 'அங்கோந்தினான்' என்று ஒரு சொல் வரும். அந்த இடத்தில் அதற்கு 'உடனே, தாமதமின்றி' என்று பொருள். ராஜா கட்டளையிட்டால் சேவகன் அங்கோந்தினான் புறப்படுவான். இப்போது என் உடம்பு எனக்குப் போடும் உத்தரவும் அதேதான். உடனே!

போன தை மாதம் மாமல்லபுரத்தில் என் மைத்துனர் பேத்திக்குக் கல்யாணம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். முன்தினம் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன், காலையில் காபியும் குடிக்கவில்லை. வழக்கமாகப் போடும் டயாபரை அன்று போடவில்லை. பட்டு வேட்டிக்குள் அது துருத்திக்கொண்டு தெரியும். எழுபது தாண்டியும் ஜம்பம் போகவில்லை, அதுதான் காரணம்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. இறங்கிப் போய்விட்டு வரலாமா என்று நினைத்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் உட்கார்ந்தே இருந்துவிட்டேன். ஊர் எல்லை தாண்டி ஒரு வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். யார் மேலும் குற்றமில்லை.

மண்டபத்தில் மைத்துனர் மகன் ஓடிவந்து, "வாங்க மாமா, இங்க உக்காருங்க" என்று வெள்ளை உறை போட்ட நாற்காலியை இழுத்துப் போட்டான். "இல்லப்பா, பஸ்ல உக்காந்தே வந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் நிக்கிறேன்" என்றேன். பின்வரிசைத் தூணோரமாக, பையை முன்னால் பிடித்துக்கொண்டு, முகூர்த்தம் முடியும்வரை நின்றேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் நழுவிக் கடற்கரைக்குப் போய்விட்டேன். அலையில் முழங்கால்வரை இறங்கி வேட்டியை நன்றாக நனைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் கடல் நனைத்தது என்று சொல்லலாம் அல்லவா?

அங்கே நின்றபோதுதான் எனக்கு அந்த அம்மாள் ஞாபகம் வந்தார்.

1997-ஆம் வருடம். கடற்கரைப் பக்கத்துத் தாலுகா அலுவலகம் ஒன்றில் உதவித்தொகை மனுக்களைப் பார்க்கும் எழுத்தராக இருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து முப்பது வயதுக்குள் ஒரு அம்மாள் வந்தார். முதல் பிரசவத்தில் மூன்று நாள் வலி, குழந்தை தங்கவில்லை, அன்று முதல் நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். "கூடையத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏற முடியல சார். பக்கத்துல ஒக்கார விடமாட்டேங்கிறாங்க. மீனு விக்காம எப்படி சார் சாப்பிடறது?" என்றார். ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு மனு. மாற்றுத்திறனாளி என்ற சொல் அப்போது வரவில்லை.

என் மேஜைக்கு எதிரில் நாற்காலி இருந்தது. உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, வாசற்படி ஓரமாகவே நின்றார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். புடவைக் கரை ஈரமாக இருந்தது. மீன் கூடை ஒழுகிய தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதில் ஏழு குறைகள் மட்டும்: பார்வையின்மை, குறைபார்வை, தொழுநோயிலிருந்து குணமடைந்தவர், செவித்திறன் குறைவு, கை கால் இயக்கக் குறைபாடு, மனவளர்ச்சிக் குறை, மனநோய். நான் பட்டியலைப் பார்த்தேன், மனுவைப் பார்த்தேன், குறிப்பு எழுதினேன். "மனுதாரர் தெரிவிக்கும் குறை பட்டியலில் இல்லை. மனுவை நிராகரிக்கலாம்." மேலே கையெழுத்தாயிற்று. விதிப்படி அந்தக் குறிப்பில் தவறு இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு சட்டத்தை எடுத்துப் படித்தேன். பழைய பழக்கம் விடுமா? 1995 சட்டத்துக்குப் பதிலாக 2016-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஏழு இப்போது 21 ஆகியிருக்கிறது. பார்க்கின்சன் நோய், தலசீமியா, அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் சேர்ந்திருக்கிறார்கள். சிறுநீர், மலம் அடங்காமை அதிலும் இல்லை. பார்க்கின்சன் நோயாளிகளிலும் முதுகுத்தண்டு அடிபட்டவர்களிலும் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. ஆனால் அவர்கள் பட்டியலில் இருப்பது அந்த நோயின் பெயரால், அடங்காமையின் பெயரால் அல்ல.

ஆனால் அதே சட்டத்தின் முதல் பக்கங்களில், மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் இடத்தைப் பாருங்கள். உடலிலோ மனத்திலோ நீண்டகாலக் குறை இருந்து, வெளியே உள்ள தடைகளோடு அது சேரும்போது, மற்றவர்களுக்குச் சமமாகச் சமுதாயத்தில் பங்கெடுக்க முடியாமல் போனால் அவர் மாற்றுத்திறனாளி. அந்த அம்மாளுக்கு இதில் எது பொருந்தவில்லை? குறை இருந்தது. பஸ் என்ற தடை இருந்தது. பிழைப்பு போயிற்று. பட்டியலின் கடைசியில், மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்தக் குறையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். கதவு பூட்டவில்லை, இன்னும் யாரும் தள்ளிப் பார்க்கவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தின் அதே 1995-இல் பிரிட்டனிலும் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. ஊனம் என்பதற்கு அன்றாட வாழ்வின் எட்டுத் திறன்களை அவர்கள் வரிசைப்படுத்தினார்கள். நடப்பது, பார்ப்பது, கேட்பது, நினைவில் வைப்பது என்று போகும் அந்த வரிசையில் அடக்கும் திறனும் ஒன்று. 2010-இல் வந்த அடுத்த சட்டத்தில் அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் சட்டப் புத்தகத்தில் கூச்சப்படாமல் எழுதக்கூடிய ஒன்றுதான் இது என்று தெரிகிறது. 1981-லிருந்தே அங்கே ஒரு சாவித் திட்டமும் உண்டு. அந்த ஒரு சாவி இருந்தால் ஊர் ஊராகப் பூட்டியிருக்கும் ஊனமுற்றோர் கழிப்பறைகளைத் திறந்துகொள்ளலாம்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு நான் ஒன்றை நினைவுபடுத்த வேண்டியதில்லை. திருமணி தொழுநோய் மருத்துவமனையைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அங்கே குணமாகி வந்தவரையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவிடாமல் எழுந்து போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். நோய் போன பிறகும் அது விட்டுச்சென்ற உணர்ச்சியற்ற கையையும் காலையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அது சரியென்றால் இதுவும் சரிதான்.

சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "யோவ், அப்படிப் பார்த்தா அறுபது தாண்டின எல்லாருக்கும் கார்டு குடுக்கணும். கவர்மென்ட் தாங்குமா?" என்று சிரித்தார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பெரும்பாலும் இது குறைக்கக்கூடிய, பல சமயம் தீர்க்கக்கூடிய தொல்லை. இடுப்படித் தசைகளை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தினமும் மூன்று வேளை செய்கிறேன். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. மாத்திரையில் கேட்பவர்கள் உண்டு. ஊனம் என்று முத்திரை குத்திவிட்டால், 'நமக்கு இதுதான் விதி' என்று மருந்துக்கே போகாமல் பலர் உட்கார்ந்துவிடக்கூடும்.

அதற்கும் சட்டத்திலேயே அளவுகோல் இருக்கிறது. குறைபார்வையைக் கண்ணாடி போடாமல் அளப்பதில்லை. முடிந்த அளவு சரிசெய்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்றுதான் பார்க்கிறார்கள். இதையும் அப்படியே அளக்கலாம். சிகிச்சை முடிந்த பிறகும் நாள் முழுக்க ஒழுகுகிறதா, அதனால் வேலைக்கோ வெளியிலோ போகமுடியவில்லையா, அவர் மாற்றுத்திறனாளி. அந்தக் கணக்கில் எனக்கு அட்டை கிடையாது. நான் கேட்கவும் இல்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது. நாளுக்கு இரண்டு டயாபர், ஒன்று 35 ரூபாய் என்றாலும் மாதம் 2,100 ரூபாய். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதை மட்டும் நம்பியிருப்பவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

என் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள். "கார்டு அப்புறம் இருக்கட்டுங்க. மொதல்ல போறதுக்கு எடம் கேளுங்க. கல்யாணத்துக்குக் கெளம்பும்போது தண்ணி குடிக்காம இருக்கிறத நாங்க பத்து வயசுலயே கத்துக்கிட்டோம். நீங்க எழுபதுல கத்துக்கிறீங்க." எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னதைத்தான் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 15 ஜனவரி 2025 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் அளித்த தீர்ப்பில், நாட்டின் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநங்கையர் என்று எல்லோருக்கும் கழிப்பறை வேண்டும், அது அரசியல் சாசனம் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றார்கள். நீதிமன்றத்துக்குப் பொருந்துவது பஸ் நிலையத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பொருந்தாதா?

கடைசியாக, என்னைத் தூங்கவிடாத விஷயம். அந்த அம்மாளுக்கு வந்தது என்ன என்று இப்போது எனக்கு ஓரளவு புரிகிறது. பிரசவ வலி நாள்கணக்கில் நீடித்தால், குழந்தையின் தலை அழுத்தி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் நடுவில் உள்ள சதை செத்து ஓட்டை விழுந்துவிடும். பிறகு இரவும் பகலும் ஒழுகும். பெரும்பாலும் அதை அறுவை சிகிச்சையால் மூடிவிடலாம். 1997-இலும் மூடலாம். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் இருக்கிறது. அந்த மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். "அம்மா, நாளைக்கு அங்கே வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பணம் தர எனக்கு அதிகாரம் இல்லை. வழி சொல்ல யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை.

அவர் இப்போது எங்கே எப்படி இருக்கிறாரோ தெரியாது. அந்தக் கோப்பு இன்று என் மேஜைக்கு வந்தால் இப்படி எழுதுவேன்:

"மனுதாரரை உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம். சிகிச்சைக்குப் பிறகும் குறை நீடித்தால், அது பட்டியலில் இல்லாவிட்டாலும் சட்டத்தின் பொருள்படி ஊனமே என்பதால், உதவித்தொகை வழங்கவும் பட்டியலில் சேர்க்கவும் மேலிடத்துக்குப் பரிந்துரைக்கலாம். உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது."

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். விசேஷங்களில் யாராவது நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றால், வற்புறுத்தாதீர்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.