எபெனேசர்: பிள்ளைக்கு வந்த கல்லின் பெயர்



நம்முடைய சபைகளில் எத்தனை எபெனேசர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சீத்தா கேம்பில் நான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் வகுப்பில் ஒரே சமயத்தில் இருவர், மூவர் இருப்பார்கள். வீட்டில் அவர்களுக்கு ‘எபி’ என்று பெயர். “உன் பெயருக்குப் பொருள் என்ன?” என்று கேட்டால், “பைபிள் பெயர், அங்கிள்” என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. அந்தப் பதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வேதத்தில் எபெனேசர் என்று ஒரு மனிதன் இல்லை. அது ஒரு கல்லின் பெயர். எபிரெய மொழியில் ‘எபென்’ என்றால் கல். ‘எசேர்’ என்றால் உதவி. பெலிஸ்தர் முறியடிக்கப்பட்ட நாளில் சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி, கர்த்தர் அதுவரைக்கும் துணைநின்றதை அறிக்கையிட்டு, அதற்கு இப்பெயரை இட்டார் (1 சாமுவேல் 7:12).

ஆனால் சில அதிகாரங்களுக்கு முன்பே இப்பெயரை வாசிக்கிறோம். எபெனேசரில் பாளயமிறங்கிய இஸ்ரவேலர் முதலில் ஏறக்குறைய 4,000 பேரையும், பின்பு 30,000 காலாட்களையும் இழந்தார்கள். உடன்படிக்கைப் பெட்டி பிடிபட்டது. ஏலியின் குமாரர் இருவரும் மாண்டார்கள். இரண்டும் ஒரே இடமாயிருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், பெயர் ஒன்றே. தோல்வியின் கதையில் வந்த பெயரே பின்பு ஸ்தோத்திரத்தின் பெயராயிற்று.

‘உதவி’ என்னும் இந்த வேரிலிருந்தே எஸ்றா, எலெயாசார் என்ற பெயர்களும் பிறந்தன. எலெயாசாரின் கிரேக்க வடிவம் லாசரு. பொருள், ‘தேவன் உதவினார்’. 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டப் பிள்ளைக்கு லாசரு என்பதன் தமிழாக்கமாக வழங்கிய பெயர்தான் தேவசகாயம். 1752இல் இரத்தசாட்சியாக மரித்த அவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 2022இல் புனிதராக அறிவித்தது. தாத்தா தேவசகாயம், பேரன் எபெனேசர் என்றிருக்கும் வீடுகளை நான் அறிவேன். இரண்டு தலைமுறையும் ஒரே சாட்சியைத்தான் சுமக்கிறது. மொழி மட்டுமே மாறிற்று.

இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கு இப்பெயரை இடும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் பியூரிட்டன் பக்தர்களிடையே பரவிற்று. 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் தம் கிறிஸ்துமஸ் கதையில் வரும் கஞ்சனுக்கு எபெனேசர் ஸ்க்ரூஜ் என்று பெயரிட்டார். அதன்பின் ஆங்கிலேயர் காதில் இப்பெயர் அந்தக் கஞ்சனையே நினைவூட்டலாயிற்று. இன்று அங்கே அது அரிய பெயர். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையேயும் கானா நாட்டிலும் அது இன்றும் செழிப்பாக வழங்குகிறது. கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் கைவிட்ட பெயரை, வேதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் காத்துக்கொண்டார்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இப்பெயர் எவ்வளவு அருமையானது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1731இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பேராயர், புராட்டஸ்டண்ட் விசுவாசிகளை நாட்டைவிட்டுத் துரத்தினார். அவர்களில் ஒரு கூட்டத்தார் 1734இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் குடியேறி, தங்கள் ஊருக்கு எபெனேசர் என்று பெயரிட்டார்கள். அவர்களுடைய போதகர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்தவர்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அங்கே பயின்றவரே. ஆனால் ஜார்ஜியாவில் அவர்களுக்குக் கிடைத்த நிலம் விளையவில்லை, நோயும் வாட்டிற்று. 1736இல் மறுபடியும் மூட்டை கட்டி வேறிடம் போனார்கள். போன இடத்துக்கும் எபெனேசர் என்றே பெயரிட்டார்கள்!

அன்பானவர்களே, இதை வாசிக்கையில் நம்முடைய கேம்பின் தொடக்கம் உங்கள் நினைவுக்கு வரவில்லையா? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே இருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 70,000 பேர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்காகப் போராடிய, 2011இல் பத்மஸ்ரீ பெற்ற ஜோக்கின் அற்புதத்தின் பெயரிலேயே ஒரு பழைய தமிழ்க் கிறிஸ்தவப் பெயர் இருக்கிறது. ஊரை விட்டு மும்பைக்கு வந்தது ஒரு முறை. வந்த இடத்தையும் விட்டு இங்கே வந்தது மறு முறை. அதன்பின் இங்கே பிறந்த ஒரு பிள்ளைக்கு எபெனேசர் என்று பெயரிட்ட தாய் தகப்பன், அழகுக்காக மட்டுமா அதை இட்டிருப்பார்கள்?

இப்பொழுது இளம் பெற்றோர் பலர், மராத்தியரும் இந்திக்காரரும் எளிதாய்ச் சொல்லும்படியான சிறு பெயர்களை நாடுகிறார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வைத்த பெயரின் பொருளைப் பிள்ளை அறியாமல் வளர்வதே எனக்குப் பாரமாயிருக்கிறது. பரீட்சையில் தோற்று வந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் எபிக்கு, தோல்வி நேர்ந்த ஊருக்கும் உதவியின் கல்லுக்கும் ஒரே பெயர்தான் என்று யார் சொல்லுவது? வாடகை வீட்டைக் காலிசெய்து போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு, இரண்டு முறை இடம் மாறியும் பெயரை விடாத அந்த ஜனத்தைப்பற்றி யார் சொல்லுவது?

ஆகையால் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் யாவற்றிலும் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் பதிவுசெய்யுங்கள். எபெனேசர், எபினேசர், எபநேசர் என்று மாறி மாறி எழுதினால் பின்னாளில் அலைய வேண்டிவரும். அதைவிட முக்கியமாக, இன்றிரவு குடும்ப ஜெபத்தில் பிள்ளையை அருகே உட்காரவைத்து, எந்தக் கஷ்டத்துக்குப்பின் எந்த உதவியை நினைத்து அந்தப் பெயரை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அதை உங்களைத் தவிர வேறு எவராலும் சொல்ல முடியாது.

இதுவரைக்கும் நடத்தினவர் இனிமேலும் நடத்துவாராக. ஆமென்.