வேளாங்கண்ணிக்குப் போகும் உப்புச் சாலை

ஆகஸ்டு கடைசி வாரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினால் ஓட்டுநர் வழக்கத்தைவிட அதிகமாக ஹாரன் அடிப்பார். சாலையோரம் நெடுகக் காவி. வெறுங்கால், கழுத்தில் மணிமாலை, தோளில் ஒரு துணிப்பை. பழனிக்குப் போகிறவர்கள் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் நினைப்பார். கிட்டே வந்தால் மாலையின் நுனியில் சிலுவை தொங்குவது தெரியும். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் இவர்கள். ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். அதற்குள் 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து தீர்க்க வேண்டும்.

நான் மரக்காணத்தில் இறங்கி ஒரு குழுவோடு சேர்ந்துகொண்டேன். முன்னால் ஒரு மினி வேன், அதில் சீரியல் விளக்குக்கு நடுவே சேலை கட்டிய மாதா, ஸ்பீக்கரில் பாட்டு. இருபுறமும் உப்பளம். பாத்தி பாத்தியாக வானத்தைப் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர், வரப்பில் குவித்த உப்பு. தார் சூடு தாங்காமல் மண்ணில் இறங்கி நடந்தால் வெடித்த குதிகாலில் உப்பு ஏறுகிறது. “தாரே தேவலாம் சார்” என்று ஒரு பையன் நொண்டிக்கொண்டே மேலே ஏறினான்.

வரப்பில் வாருபலகையோடு நின்றிருந்த பெண்களில் ஒருவர் கையைத் தட்டிக் கூப்பிட்டபடி சாலைக்கு ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தகடாய் அடித்த வெள்ளிக் கண் ஒரு ஜோடி. அந்தப் பையனிடமே நீட்டினார். “தம்பி, மாதா கோயில்ல என் பேரைச் சொல்லிப் போட்டுடுப்பா. ரெண்டு வருஷமா கண்ணு புகைச்சலா இருக்குது. எனக்கு லீவு கெடையாது.” பையன் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தான். பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டு மொபைலில் எழுதிக்கொண்டான். நாள் முழுக்க வெள்ளை உப்பில் பட்டு எகிறும் வெயிலைப் பார்ப்பவர்களுக்குக் கண் கெடுவது இந்தத் தொழிலின் கூலியோடு வருவது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒருவரையும் நான் அங்கே பார்க்கவில்லை.

நீங்கள் கிறிஸ்தவரா என்று அவரிடம் கேட்டேன். அசட்டுக் கேள்வி கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “நாங்க அம்மன் கோயில் தான் சார். கண்ணுக்கு மாதா.”

இந்தக் கரை ஏன் அம்மன் கோயிலாகவே இருந்துவிட்டது என்பது எனக்கு நெடுநாள் கேள்வி. தெற்கே முத்துக்குளித் துறையில் பரதவர்கள் 1530களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துத் தொழிலில் போட்டியும் பகையும் கழுத்தை நெரித்தபோது போர்ச்சுக்கீசியக் கப்பற்படையின் பாதுகாப்பு தேவைப்பட்டது. அதற்கான விலை மதம். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கியபோது அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள், ஜெபம்தான் தெரிந்திருக்கவில்லை. இங்கே எக்கியார்குப்பத்திலும் அழகன்குப்பத்திலும் வலை வீசும் பட்டினவர்களுக்கு அப்படி ஒரு பேரம் வாய்க்கவில்லை. மத்திக்கும் சங்கராவுக்கும் யாரும் கப்பற்படை அனுப்புவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்தான். மரக்காணத்துக்கு வடக்கே ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் கைக்கு வந்தது; 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். செங்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர்களுக்கு வேண்டியது துறைமுகமும் நாணயச்சாலையும். குப்பத்து ஆத்துமாக்கள் பட்டியலில் இல்லை.

மாதா இங்கே கடல் வழியாக வரவில்லை. பஞ்சத்தின் வழியாக, உள்நாட்டுச் சேரிகளின் வழியாக வந்தாள். இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின், 1776 முதல் இந்தப் பகுதியைப் பாரிஸ் வேதபோதகச் சபைக் குருக்கள் கவனித்தார்கள். நூறாண்டு அதிகம் அசையவில்லை. தாது வருஷப் பஞ்சம் வந்தது, 1876 முதல் 78 வரை. செத்துக்கொண்டிருந்தவர்கள் கஞ்சித்தொட்டியைத் தேடிக் குருக்களிடம் போனார்கள். சேத்துப்பட்டில் தராஸ் சாமியார் போன்றவர்களிடம் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். ‘கஞ்சிக்கு மாறினவர்கள்’ என்று இன்றும் ஏளனம் பேசுகிறவர்கள் உண்டு. அதுவரை அந்தக் கஞ்சியை மறுத்தது யார் என்பதை அவர்கள் பேசுவதில்லை. பஞ்சத்தின் நடுவிலேயே சர்க்கார் சென்னை மாகாணத்தில் உப்பு வரியையும் உயர்த்தியது. கஞ்சியும் அரிது, அதில் போடும் கல் உப்பும் அரிது.

மறுநாள் பேருந்தில் புதுச்சேரி. குழு எனக்கு முன்பே மிஷன் வீதி சம்பா கோயிலுக்குள் போய்ச் சேர்ந்து, வராந்தாவில் கால் நீட்டிப் படுத்திருந்தது. இப்போதிருக்கும் கட்டடம் 1791இல் எழுந்தது. முந்தையதை 1761இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். முந்தைய கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. துய்ப்ளேக்ஸின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுப் பதிவில் அது வருகிறது. ஒருபுறம் பறையர்கள், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். எல்லாரும் உங்கள் சீடர்தானே, நடுவில் ஏன் சுவர் என்று பெரிய சாமியாரிடம் பறையர்கள் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவரும் நியாயம்தான் என்று இடிக்கச் செய்திருக்கிறார். பிள்ளைக்கு இது வேடிக்கைச் செய்தி. எனக்கு இந்த ஊரின் கத்தோலிக்க வரலாற்றிலேயே பெரிய நாள் அதுதான்.

சுவர் எழுந்ததற்குக் குருக்களிடம் ஒரு நியாயம் இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்தே, சாதியைத் தொடாமல் இருந்தால்தான் மேல்சாதியார் வருவார்கள் என்பது கணக்கு. ரோமிலிருந்து வந்த தூதர் துர்னோன் 1704இல் இதே புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார்: சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் போய்க் குரு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும். இதற்கு ஓர் ஆணை தேவைப்பட்டது! நாற்பது வருஷம் இழுபறி. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதிப்படுத்தினார். அப்போதும் ஒரு சந்து கிடைத்தது. பறையர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொண்டார்கள். சேலை, காவி, தேர், மொட்டை என்று இந்த மண்ணிலிருந்து எதையெதையோ அழகாக எடுத்துக்கொண்ட திருச்சபை, சாதியையும் அதே கூடையில் போட்டுக்கொண்டது என்பதுதான் என் வருத்தம். இதே புதுவை–கடலூர் மறைமாவட்டத்தின் எறையூரில் சவ ஊர்வலப் பாதைக்காகவும் கல்லறைக்காகவும் தனிப் பங்குக்காகவும் தலித் கத்தோலிக்கர்கள் போராட, 2008 மார்ச்சில் வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலைதான்.

வராந்தாவில் என் பக்கத்தில் கால் கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் குழுவில் மூத்தவர். பூர்வீகம் திண்டிவனம் பக்கம், இப்போது வியாசர்பாடியில் பெயின்டிங் வேலை. “எங்க பாட்டனுக்குப் பாட்டன் தாது வருஷத்துல சேர்ந்தவரு” என்றார். வீட்டில் மாதா, ஊரில் கெங்கையம்மன் கூழுக்கும் வரி கொடுப்பாராம். பேர் கேட்டேன். சிரித்தார். “கோயில்ல ஒரு பேரு, சர்ட்டிபிகேட்ல ஒரு பேரு சார்.”

இது ஒளிவு மறைவு இல்லாத ரகசியம். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் இந்துவாக இருக்க வேண்டும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேரவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னது. எடுக்கவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், திருமுழுக்குப் பெற்றுக் கோயிலுக்கும் போய்க்கொண்டு, சலுகைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பு வராந்தாவில் இருந்த மூத்தவருக்கும் தெரிந்திருந்தது. பங்குக் கூட்டத்தில் பேசினார்களாம். “மோசடின்னு சொல்றாங்க. சேரியில வீடு, சேரிக்குன்னு தனிக் கல்லறை, அதெல்லாம் அப்படியே இருக்குது. கவர்மென்டுக்கு மட்டும் நாங்க மாறிட்டோம்” என்றார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். உறுதிபூசுதல் வகுப்புக்கும் போகிறாள், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவள் அவள்தான். அடுத்த வருஷம் கல்லூரி விண்ணப்பம். எண்ணெய்க் கையைக் காவி வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டார்: “படிச்சவர் மாதிரி தெரியுறீங்க. அவளை எந்தப் பேரை எழுதச் சொல்றது, சார்?”