திரும்பி வந்தவருக்குக் கல் இல்லை

செங்கம் தொடங்கித் தருமபுரி, கிருஷ்ணகிரி வரையிலான மேட்டு நிலத்தில், ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் இன்றும் நிற்கும் நடுகற்கள், ஆநிரை மீட்பிலோ ஊர்க்காவலிலோ உயிர்துறந்த வீரர்களுக்காக எடுக்கப்பட்ட நினைவுக் கற்களாகும். மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் எந்தத் தலைவனின் சேவகன் என்ற குறிப்பு, அவன் பட்ட விதம் ஆகியவற்றை வட்டெழுத்தில் தாங்கிய இத்தகைய கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாகத் தொகுத்து வெளியிட்டது. கல் நடும் சடங்கின் படிநிலைகளைத் தொல்காப்பியமும் வகுத்துச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி என்றும், அதை எடுக்கும் பணியைத் தொடங்குவது கால்கோள் என்றும், கல்லை நீராட்டுவது நீர்ப்படை என்றும் பெயர் பெறும். காலப்போக்கில் இக்கற்களில் பல வேடியப்பன் என்ற பெயரில் பூசை பெறும் தெய்வங்களாயின. போருக்குச் சென்ற ஒருவரை ஊரும் குலமும் மறவாதிருக்க இதைவிட உறுதியான ஏற்பாட்டை எண்ணிப்பார்ப்பது கடினம். ஆனால் இம்மரபுக்கு ஒரு நிபந்தனை உண்டு, அவர் திரும்பி வந்திருக்கக் கூடாது.

அதே வட்டாரத்தில், வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், படைக்குப் போவது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்ப வழக்கமாக இருந்து வருகிறது. அவ்வூரை ராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரத்தார் அழைக்கின்றனர். முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு பல ஊர்களில் பதித்த கல்வெட்டுகள், இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர்நீத்தோர் இத்தனை பேர் என்று இரண்டு எண்களை மட்டுமே சொல்லி நின்றுவிடுகின்றன. வட்டெழுத்துக் கல்லில் பெயர் இருக்கிறது. பேரரசின் கல்லிலோ கணக்கு மட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைவிடக் கருதத்தக்கது, பணி முடித்து உயிரோடு ஊர் திரும்பி, நிலம் உழுது, பிள்ளைகளைப் படிக்கவைத்து, முதுமையில் கட்டிலில் இறந்த பெரும்பான்மையோரை எந்தக் கல்லும் நினைக்கவில்லை என்பதாகும். அவர்களை நினைக்கும் பொறுப்பு முழுவதும் பிள்ளைகளின் மேல் விழுகிறது; பிள்ளைகளுக்கோ, தங்கள் சிறுவயதில் பெரும்பகுதி வீட்டில் இல்லாத ஒருவரை நினைவுகூர வேண்டிய சிக்கல் இருக்கிறது.

தன் தொடக்கத்தை 1758 முதல் கணக்கிடும் மதராஸ் ரெஜிமென்ட், இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவாகும். அதன் பயிற்சி மையம் நீலகிரியின் வெலிங்டனில் இருக்கிறது. சமவெளியின் வெயிலில் வளர்ந்து பதினேழரை, பதினெட்டு வயதில் அங்கே போய்ச் சேரும் இளைஞருக்கு முதல் எதிரி மலைக்குளிர்தான். அங்கிருந்து அவர் பஞ்சாபுக்கோ காஷ்மீருக்கோ வடகிழக்கு எல்லைக்கோ அனுப்பப்படுகிறார். குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளத்தக்க இடம் பீஸ் ஸ்டேஷன் என்றும், அதற்கு வாய்ப்பில்லாத எல்லைப்புறப் பணியிடம் ஃபீல்டு என்றும் வீரர்களின் பேச்சில் வழங்கும். பீஸ் ஸ்டேஷனிலும் குடியிருப்புகள் எல்லோருக்கும் போதாமையால், மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே தங்கிவிட, ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பிலும் இடையிடையே கிடைக்கும் தற்செயல் விடுப்பிலும் அவரது இல்லறம் முழுவதும் அடங்கிவிடுகிறது. பெயரும் எண்ணும் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்ட கறுப்பு டிரங்குப் பெட்டியோடு தெருமுனையில் வந்திறங்குபவரைக் கண்டு, கடந்த விடுப்பின்போது கைக்குழந்தையாக இருந்த பிள்ளை அழுதுகொண்டு தாயின் பின்னால் ஒளிந்துகொள்வது அக்குடும்பங்களில் வியப்புக்குரிய நிகழ்ச்சி அன்று.

எஞ்சிய பத்து மாதங்களுக்குக் கடிதம் இருந்தது. படைப்பிரிவுகளுக்குச் செல்லும் அஞ்சல், எந்த ஊரின் பெயரும் இல்லாமல், 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண்ணை மட்டும் ஏற்றுக்கொள்ளும். முன்னது தில்லி வழியாகவும் பின்னது கொல்கத்தா வழியாகவும் பிரித்தனுப்பப்படும். பாதுகாப்பு கருதிய இந்த ஏற்பாட்டின் விளைவாக, கணவர் பனிமலையில் இருந்தாலும் பாலைவனத்தில் இருந்தாலும் மனைவி எழுதும் முகவரி மாறுவதில்லை. அவரிடமிருந்து வரும் கடிதமும் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, மணியார்டர் வந்ததா, மாடு கன்று போட்டதா, மூத்தவனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று விசாரித்து முடியும். அன்பின் சொல் ஒன்றுகூட அதில் இல்லையே என்று பிற்காலத்துப் பிள்ளைகள் குறைபடுவதுண்டு. படிக்கத் தெரியாத மனைவிக்குப் பக்கத்து வீட்டுப் பையனோ தபால்காரரோதான் அதைப் படித்துக் காட்டுவார் என்பதை அறிந்தே எழுதப்பட்ட கடிதம் அது என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. கன்று போட்ட மாட்டைப் பற்றி மூன்று வரி எழுதுகிறவர் எதைப் பற்றி எழுதுகிறார் என்பது அந்தத் தாய்க்குப் புரியாமல் இருந்திருக்காது.

இத்தகைய தந்தையரின் பக்தியைப் பற்றிப் பேசுவோர், அதை ஊர்க் கோயிலோடும் வீட்டு விளக்கோடும் மட்டும் இணைத்துப் பார்ப்பர். படைக்குள்ளும் வழிபாட்டுக்கு முறையான இடம் உண்டு. பண்டிதர், மௌல்வி, பாதிரியார், சீக்கியரின் கிரந்தி ஆகியோரை மத ஆசிரியர் என்ற பதவியில் ராணுவமே நியமிக்கிறது. வாரந்தோறும் வீரர்கள் ஒன்றுகூடித் தொழும் நிகழ்ச்சிக்கு மந்திர் பரேடு என்று பெயர். பல மதங்களுக்கும் ஒரே கூரையின் கீழ் இடமளிக்கும் சர்வ தர்ம ஸ்தலங்களும் முகாம்களில் உண்டு. இந்த ஏற்பாட்டின் பின்னே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. மதராஸ் படையில் நெற்றிக்குறியும் காதணியும் அணியக் கூடாது, தாடி கூடாது என்ற விதிகளோடு புதிய தலைப்பாகையும் புகுத்தப்பட்டபோது, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். எழுச்சி கொடுமையாக அடக்கப்பட்டாலும் அந்த ஆணைகள் கைவிடப்பட்டன, தலைமைத் தளபதி கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். ஓய்வுபெற்று வந்த தந்தை, தன் குலதெய்வத்துக்குப் பொங்கலிட்ட கையோடு வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் குடும்பத்தை அழைத்துச் செல்வதை ஊரார் அவரது பெருந்தன்மையாகக் கொள்வர். கூடாரத்தில் அருகே படுத்திருந்தவரின் கடவுளையும் தன் கடவுளாக எண்ணிப் பல ஆண்டுகள் கழித்த பழக்கம் அது என்று கொள்வதே பொருந்தும்.

பழக்கமாக மாறாத அனுபவங்களும் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் பணியாற்றிய இந்திய அமைதி காக்கும் படையில் மதராஸ் ரெஜிமென்ட்டின் வீரர்களும் இருந்தனர். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தனர். தமிழ் மக்கள் அடைந்த இழப்பும் துயரமும் அந்தப் படையின் பெயரோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அவற்றை வரவேற்க அன்றைய முதலமைச்சர் செல்லவில்லை. தமிழர் உயிரிழப்பை முன்வைத்து அவர் அதற்குக் காரணம் கூறினார். சோதனைச் சாவடியில் தன் தாய்மொழியிலேயே கெஞ்சும் குரலைக் கேட்டுவிட்டு வந்த தமிழ்ச் சிப்பாய்க்கு, ஊரில் அதைச் சொல்ல ஆள் இல்லை. 1965, 1971 பாகிஸ்தான் போர்களைப் பற்றித் திண்ணையில் மணிக்கணக்காகப் பேசக்கூடிய முதியோர் இருந்த ஊர்களிலும், யாழ்ப்பாணம் சென்றுவந்தவர் பெரும்பாலும் பேசாதவராகவே வாழ்ந்தார். அந்த மௌனத்தை வீரத்தின் அடக்கம் என்று போற்றுவதும் குற்றவுணர்வு என்று முடிவுகட்டுவதும் ஒருபோலப் பிழையாகும். அது என்னவென்று அவரைத் தவிர எவரும் சொல்வதற்கில்லை.

குறைந்தது 15 ஆண்டுப் பணியை முடித்து ஓய்வூதியத்தோடு திரும்பும் சிப்பாய்க்கு வயது பெரும்பாலும் நாற்பதைத் தொடுவதில்லை. அதன்பின் வங்கிக் காவலராகவோ விவசாயியாகவோ மற்றொரு வாழ்க்கை தொடங்குகிறது. உறவினர்க்கு அவர் மேல் பிறக்கும் புதிய மரியாதையில் ராணுவக் கேன்டீனில் கிடைக்கும் மதுப் புட்டிகளுக்கும் கணிசமான பங்கு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. இந்த இரண்டாம் வாழ்க்கையில்தான் அவர் தாள்களின் மனிதராகிறார். வீரரின் திருமணமும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பும் பார்ட் டூ ஆர்டர் எனப்படும் படைப்பிரிவு ஆணையில் வெளியாகி ஆவண அலுவலகத்தில் பதிவானால்தான், அவர் மறைவுக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தடையின்றிக் கிடைக்கும். முகாமின் எழுத்தர் தமிழ்ப் பெயரைக் கேட்டபடி எழுதிவைத்த பிழையைத் திருத்துவதற்காக, ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பிள்ளையார் சுழி இட்டு, வெலிங்டனுக்கு ஆண்டுக்கணக்காக விண்ணப்பம் எழுதியவர்கள் பலர். ஆண்டுதோறும் தாம் உயிரோடு இருப்பதற்கான சான்றையும் அவர்கள் அளிக்க வேண்டும். போரிலிருந்து திரும்பி வந்தவரிடம் அரசு கேட்பது அந்த ஒன்றைத்தான்.

அவர் மறைந்தபின், குடும்ப ஓய்வூதியத்துக்காகப் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகளின் கையில் டிஸ்சார்ஜ் புத்தகம் முதன்முறையாகக் கிடைக்கிறது. பணியாற்றிய காலம், பெற்ற பதக்கங்கள், நன்னடத்தை பற்றிய ஒரு சொல் மதிப்பீடு எனச் சில பக்கங்களில் அடங்கிய அந்நூல், வீட்டில் வழங்கிவந்த கதைகளோடு எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. தந்தை பாதுகாப்பான ஏதோ ஓர் ஊரில் பண்டகசாலையில் இருந்தார் என்று அவர்கள் நம்பி வளர்ந்த ஆண்டுகளுக்கு நேராக, போர்முனைப் பணிக்கான பதக்கம் குறிக்கப்பட்டிருக்கும். வீட்டார் அஞ்சக் கூடாது என்பதற்காக அவர் கடிதத்தில் பொய் எழுதியிருக்கிறார் என்ற செய்தியைத் தயங்கித் தயங்கித் தாயிடம் சொல்லும்போது, தாய்க்கு அது அப்போதே தெரியும் என்பதும், தெரியாதவர் போலவே அந்த மாட்டைப் பற்றிய பதில்களை அவர் எழுதுவித்தார் என்பதும் வெளிவருவதுண்டு.