பொருந்தாத பெயர்கள்

பசறையைக் கடந்து பிபிலைக்குச் செல்லும் வீதியில் அமைந்தது லுணுகலை. அங்குள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வழங்குவதற்காகச் சில நண்பர்கள் பட்டியலொன்று வைத்திருந்தோம். அதைக் கணினியில் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. பத்திரிகை அலுவலகத்தில் முதுமையை நெருங்கிய வயதில் கற்ற வித்தை அது.

ஒருமுறை இளைஞர்கள் லயம் லயமாகச் சென்று புதிய முகவரிகளைத் திரட்டி வந்தனர். பழைய அட்டவணையின் முகவரி நிரலில், புதிய அட்டவணையிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றாகத் தட்டச்சிடத் தேவையில்லை. 'அப்டேட்' கட்டளைக்குள் ஒரு 'செலக்ட்' வைத்து, பெயரும் பெயரும் பொருந்தும் இடத்தில் முகவரியை எடு என்று எழுதினால் போதும். எழுதினேன். நொடியில் முடிந்தது.

பின்னர் பார்த்தால், நாற்பத்தொரு பிள்ளைகளின் முகவரி வெறுமையாக இருந்தது. முன்பிருந்த பழைய முகவரியும் போய்விட்டது!

உதவிக்கு வந்த இளைஞர் சிரித்தார். "ஐயா, அது அந்தப் பட்டியல்ல தேடிப் பார்க்கும். கெடைக்கலேன்னா வெறுமையா எழுதிப்புடும். இருக்கிறவங்களுக்கு மட்டும் மாத்துன்னு நீங்க சொல்லலையே."

அதுதான் உண்மை. 'வேர்' என்ற நிபந்தனையைக் கட்டளையின் உள்ளே மட்டும் வைத்தேன், வெளியே வைக்கவில்லை. ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகள் கிடைத்திருந்தால் பெரும்பாலான தரவுத்தளங்கள் பிழை காட்டி நின்றிருக்கும். ஒன்றுமே கிடைக்காதபோது அவை நிற்பதில்லை; பேசாமல் அழித்துவிடுகின்றன.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நினைவுக்கு வந்தது. இந்நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கு பிறந்தவர் எனக் காட்ட வேண்டும் என்றது அது. தோட்டத்தில் பிறந்த பலரிடம் பிறப்புப் பதிவே இல்லை. இன்னொரு பதிவேட்டில் பெயர் கிடைக்காத காரணத்தால், இருந்த உரிமையும் வெறுமையாயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மீதமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு நிரலைத் திருத்த ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

என் பிழையைத் திருத்துவது எளிதாக இருந்தது; காகிதப் பிரதி ஒன்று கைவசம் இருந்தது. இப்போது முதலில் 'செலக்ட்' மட்டும் ஓட்டி, யார் விடுபடுகிறார்கள் என்று பார்த்த பின்னரே மாற்றுகிறேன்.

அந்த நாற்பத்தொருவர் ஏன் விடுபட்டனர் என்றும் விசாரித்தேன். சிலரின் பெயர் ஓரிடத்தில் 'இராமையா', மற்றோரிடத்தில் 'ராமையா'. ஏனையோரின் வீடுகள் இளைஞர்கள் சென்ற வேளையில் பூட்டியிருந்தன. பெற்றோர் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள்.